பழைய கேட்டுக்கு எதிர்வீடு

நான் வாழும் கொராபின் என்ற இந்த ஊர்க்காரர்கள்மேல் எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு. வீடு பற்றி எரிந்தாலும் "கொஞ்சம் வெக்கையா இருக்கு" என்பார்கள். கால் உடைந்து கட்டிலில் கிடப்பவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "மோசமில்ல, நீ எப்படி?" என்று நம்மைத் திருப்பிக் கேட்பார்கள். புல்வெளியில் பந்து உருட்டி ஆடும் இந்த ஊர் பௌல்ஸ் கிளப்பின் சமையலறையை இருபது வருஷத்துக்கு மேலாக நடத்திக்கொண்டிருக்கிறேன். பரிமளா என்ற பெயரைப் பாதியில் வெட்டி 'பாரி' ஆக்கிவிட்டார்கள். அதைக்கூட மன்னித்துவிட்டேன். இந்தப் 'பரவாயில்லை' வியாதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த வியாதி முற்றிப்போன ஒருத்தியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயர் கிளெனிஸ் ரட்கின். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவள். வந்த புதிதில் மரியாதைக்கு அம்மா என்று கூப்பிட்டேன். யாரை என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். அதோடு நானும் எல்லோரையும்போலப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

கேம்ப் ரோட்டின் கடைசி வீடு அவளுடையது. எதிரே ராணுவ முகாமின் கேட். நடுவில் தெருவின் அகலம் மட்டும்தான். லாரி ஓட்டுவது, சமைப்பது, சரக்கு அனுப்புவது என்று படை வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் முகாம் அது. ஒரு கூட்டம் வந்து சில மாதம் தங்கும், போகும், அடுத்த கூட்டம் வரும். கிளெனிஸின் கணவர் நெவில் அங்கே பணிமனையில் மெக்கானிக். சீருடை இல்லாத ஆள். காலையில் தெருவைக் கடந்து வேலைக்குப் போவார், மதியம் தெருவைக் கடந்து சாப்பிட வருவார். ஒரு நாள் மதியம் அவர் வரவில்லை. லாரிக்கு அடியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். சேதி சொல்ல கேட்டில் நின்ற காவலாளிதான் ஓடி வந்தான். கிளெனிஸ் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "உக்காரு கண்ணு, நீ ரொம்ப வெளிறிப்போயிட்ட" என்று அவனுக்கு டீ போட்டுக் கொடுத்திருக்கிறாள். அடக்கம் முடிந்த அன்று வந்தவர்களுக்கான சாண்ட்விச்சுகளை என் சமையலறையில் நின்று அவளே வெட்டினாள். நான் கத்தியைப் பிடுங்கப் பார்த்தேன். "சும்மா நின்னா கைக்கு என்ன பண்றதுன்னு தெரியல, பாரி" என்றாள். அவள் வாயிலிருந்து துக்கம் என்று வந்தது அவ்வளவுதான்.

ஒரே மகள், லின்டல், பெர்த்தில் இருக்கிறாள். கண்டத்தின் அந்தக் கோடி. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். எப்படிம்மா இருக்கே என்பாள். மோசமில்ல என்பாள் இவள். அத்தோடு வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவார்கள். மகளைக் குறை சொல்ல மாட்டேன். அம்மா நன்றாக இருப்பதாக அம்மாவே சொல்லும்போது அவள் என்ன செய்வாள்.

நெவில் போன பிறகு கிளெனிஸைப் பிடித்து நிறுத்தியது அந்த கேட்தான். அணிவகுப்புக்கு முந்தைய நாள் ஒருவனுக்குக் கால்சட்டை தையல் விட்டுப்போனது. கேட் காவலாளி எதிர்வீட்டைக் கைகாட்டிவிட்டான். அவள் தைத்துக் கொடுத்தாள். அப்புறம் அது வழக்கமாகிப்போனது. பொத்தான், தோள்பட்டைச் சின்னம், கால்சட்டையின் நீளம், எல்லாவற்றுக்கும் அவள் வீடுதான். ஒவ்வொரு அணிவகுப்புக்கு முன்பும் அவள் கூடத்தில் நாலைந்து பேர் கால்சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இடுப்பில் துண்டோடு உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ரட்கினைச் சுருக்கி 'மிஸஸ் ஆர்' என்றுதான் அவளைக் கூப்பிடுவார்கள்.

"மிஸஸ் ஆர், இடுப்பு கொஞ்சம் தளர்த்தணும்."

"இடுப்பத் தளர்த்த வேண்டாம். மெஸ்ஸுல மறுபடி மறுபடி தட்ட நீட்டறத நிறுத்து."

"அங்க போடற சாப்பாட்ட யாரு மறுபடி கேப்பா? எல்லாம் உங்க பிஸ்கட்தான்."

"அப்ப பிஸ்கட் டப்பாவ மூடி வை. அங்க பாரு, பேசிக்கிட்டே கைய விடற."

தையல் ஒரு சாக்குத்தான், இரண்டு பக்கத்துக்கும். வந்தவர்கள் ஊரை நினைத்துப் புலம்புவார்கள், காதலி விட்டுப்போனதைச் சொல்வார்கள், சிலர் அழுதும் இருக்கிறார்கள். பெண்களும் வருவார்கள், அவர்கள் அதிகம் அழ மாட்டார்கள், திட்டுவார்கள். கிளெனிஸ் ஊசியில் கண் வைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். கதவு பூட்டியே இருக்காது. காலையில் செய்தித்தாள் எடுக்க வெளியே வந்தால் கேட்டிலிருந்து ஒருவன் கையசைப்பான். இரவு தடுப்புக் கட்டை ஏறி இறங்கும் சத்தத்தில்தான் தூக்கம் வரும் என்று ஒருமுறை சொன்னாள். கேம்ப் ரோட்டில் மற்ற வீடுகள் எல்லாம் காலியாகி, சில இடிந்தும் போய்விட்டன. அவளுக்குப் பக்கத்து வீடு என்றால் அந்த கேட்தான்.

பிறகுதான் முகாமை அடியோடு மாற்றிக் கட்டப்போவதாகச் சேதி வந்தது. நியாயமான வேலை. வீரர்கள் தங்கும் குடில்கள் பழையவை; குளிர்காலத்தில் சுவரில் ஈரம் கோத்துப் பூஞ்சை படர்ந்திருக்கும். அவள் கூடத்தில் உட்கார்ந்து இருமாத ஆள் இங்கே குளிர் உச்சத்தில் இருக்கும் ஜூலையில் கிடையாது. புதுக் குடியிருப்பு, புதுச் சாப்பாட்டுக் கூடம், எல்லாம் வரைபடமாக நூலகத்தில் மாட்டியிருந்தார்கள். கிளெனிஸ் போய்ப் பார்த்துவிட்டு நேராகக் கிளப்புக்கு வந்தாள். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

"கேட்ட மூடறாங்களாம், பாரி."

"எந்தக் கேட்ட?"

"எங்க கேட்டத்தான். நெடுஞ்சாலைப் பக்கம் புதுசா பெருசா ஒண்ணு வருதாம். இது வெறும் வேலியாம்."

நெடுஞ்சாலைப் பக்கம் என்றால் ரயில் பாதையைத் தாண்டி ஊரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். பயிற்சிக்கு வருபவர்களில் பாதிப் பேருக்குக் கார் கிடையாது. கிளெனிஸும் கண் மங்கியதால் கார் ஓட்டுவதை விட்டுவிட்டாள்.

"அப்ப உங்க வீட்டுக்கு எப்படி வருவாங்க?"

"வரமாட்டாங்க" என்றாள். "மழை வரும்போல இருக்கு. துணி காயப் போட்டிருக்கேன், நான் கிளம்பறேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் ஒரு வழி இருந்தது. இந்த நாட்டில் ராணுவ முகாமோ வெளிநாட்டில் தூதரகமோ, பெரிய செலவில் எதைக் கட்டுவதானாலும் அரசாங்கம் தன்னிஷ்டத்துக்குக் கல் எடுத்து வைத்துவிட முடியாது. நாடாளுமன்றத்தின் குழு ஒன்று முதலில் விசாரிக்கும். ஆளும் கட்சி, எதிர்க் கட்சி இரண்டு பக்கத்து ஆட்களும் அதில் உண்டு. வேலை நடக்கப்போகும் ஊருக்கே வந்து இடத்தைப் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள், ஊர்க்காரர்கள் சொல்வதையும் கேட்பார்கள். அதன் பிறகுதான் சபையில் ஓட்டு. எங்கள் ஊரில் நாற்பது பேர் உட்காரும் ஹால் கிளப்பில் மட்டும்தான் இருக்கிறது. விசாரணை அங்கேதான் என்று முடிவானது. டீயும் சாப்பாடும் என் பொறுப்பு.

கிளெனிஸைச் சமையலறையில் பிடித்து வைத்துப் பேசப் பழக்கினேன். அவள் கேட்க வேண்டியது மிகச் சின்ன விஷயம். லாரி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகட்டும். பழைய இடத்தில் ஆள் நடந்து வர ஒரு சின்னக் கேட் இருந்தால் போதும்.

"சொல்லுங்க பாப்போம்."

பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்துச் சொன்னாள். "பழைய கேட் இருக்கிற இடத்துல, நடந்து போற அளவுக்கு ஒரு சின்னக் கேட். முடிஞ்சா. ரொம்பத் தொந்தரவு இல்லன்னா."

"முடிஞ்சா வேண்டாம். தொந்தரவும் வேண்டாம்."

"அது மரியாதை, பாரி."

"மரியாதை இல்ல, வியாதி. திரும்பச் சொல்லுங்க."

நாலைந்து தடவை சொன்னதில் ஒரு தடவை 'முடிஞ்சா' இல்லாமல் வந்தது. எனக்கு அதுவே பெரிய வெற்றியாக இருந்தது.

விசாரணை நாளன்று குழு காலையில் முகாமைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மஞ்சள் பாதுகாப்பு அங்கியோடு ஹாலுக்கு வந்து இறங்கியது. பௌல்ஸ் கோப்பைகள் அடுக்கிய அலமாரிக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்த நீள மேஜை. ஒவ்வொருவர் முன்னாலும் மைக். பொதுமக்களுக்கென்று நிறைய நாற்காலி போட்டிருந்தேன். வந்தவர்கள் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர், வேலை கிடைக்குமா என்று பார்க்க வந்த இரண்டு கட்டடக்காரர்கள், உட்கார்ந்ததுமே தூங்கிப்போன ஒரு பழைய நகரசபை உறுப்பினர். முன்வரிசையில் கிளெனிஸ். நீலக் கம்பளிச் சட்டை, அதில் நெவில் வாங்கிக் கொடுத்த கிளிஞ்சல் ப்ரோச் குத்தியிருந்தது. முடியைச் சுருட்டிவிட்டிருந்தாள்.

குழுத் தலைவர் ஹாமிஷ் கோல்வில், தக்காளி நிற முகத்தில் நல்ல சிரிப்புள்ள மனிதர். தொடங்கும்போது ஒரு எச்சரிக்கை படித்தார். இது நாடாளுமன்றத்தின் நடவடிக்கைக்குச் சமம், இங்கே பொய் சொல்வது சபையை அவமதிக்கும் குற்றம் என்றார். நான் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ராணுவத்தின் தரப்பில் பேசியவர் ரோவீனா பிளேக், கர்னல். டீ இடைவேளையில் கிளெனிஸுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அவரும் ஒரு காலத்தில் இதே முகாமில் பயிற்சி எடுத்தவராம். அந்தக் குளிர்காலம் முழுக்க இருமிக்கொண்டே இருந்தேன் என்றார். கிளெனிஸ் தன் தட்டிலிருந்த கேக்கை அவர் தட்டுக்கு மாற்றி வைத்தாள். அப்போதே எனக்கு லேசாகப் பயம் வந்தது.

இடைவேளை முடிந்து குழுவிலிருந்த ஒரு செனட்டர் பழைய கேட்டைப் பற்றிக் கேட்டார். அதை ஏன் முழுசாக மூட வேண்டும் என்றார். கர்னல் தாள்களைப் புரட்டினார்.

"நடந்து வர்றவங்களுக்கு அங்க ஒரு சின்னக் கேட் விடலாம்னு முதல் வரைபடத்துல இருந்தது. அதுக்குக் காவலுக்கு ஆள் வேணும், கேமரா வேணும். தேவைப்படறவங்க இருக்காங்கன்னு தெரிஞ்சா வைக்கறதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா இதுவரைக்கும் யாரும் கேக்கல."

என் கையில் சாஸேஜ் ரோல் தட்டு இரண்டு. கீழே போட்டுவிடுவேனோ என்று இருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுகிறது, கிளெனிஸ், எழுந்திரு என்று மனதுக்குள் கத்தினேன். தலைவரும் உடனே நாற்காலிகளைப் பார்த்து, ஊர்க்காரர்கள் யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அவள் எழுந்தாள். மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

"உங்க பேரு?"

"கிளெனிஸ். கிளெனிஸ் ரட்கின். கேட்டுக்கு எதிர்வீடு."

"அப்ப உங்களத்தான் நாங்க கேக்கணும். சொல்லுங்க கிளெனிஸ், அந்தக் கேட்ட மூடிட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமா?"

இதைவிட நேராக ஒரு மனிதரால் கேட்க முடியாது. அதுவும் கேலியாக இல்லை, அக்கறையாகத்தான் கேட்டார். ஹாலில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கூட விழித்துக்கொண்டார். கிளெனிஸ் கர்னலைப் பார்த்தாள், தலைவரைப் பார்த்தாள், கையிலிருந்த மைக்கைப் பார்த்தாள்.

"எனக்கா? எனக்கென்ன" என்றாள். "எனக்காக யாரும் மெனக்கெட வேண்டாம். அந்தப் பிள்ளைங்க குளிர்ல கிடந்து நடுங்குதுங்க. முதல்ல அவங்களுக்கு நல்ல கூரையாப் போடுங்க. நான் பாட்டுக்கு இருந்துக்குவேன்."

கட்டடக்காரர்கள் கை தட்டினார்கள். கர்னல் அவளைப் பார்த்துத் தலை குனிந்து நன்றி சொன்னார். "எல்லா சாட்சியும் உங்கள மாதிரி இருந்தா எங்க வேலை சீக்கிரம் முடிஞ்சிரும், கிளெனிஸ்" என்றார் தலைவர். ஹாலே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். நான் தட்டுகளை வைக்க இடம் தேடி, வைத்துவிட்டு நிமிர்வதற்குள், அடுத்து செலவைப் பற்றிப் பேசப்போகிறோம், அது ரகசியம், பொதுமக்கள் வெளியே போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சபைக்குப் பொய் சொன்னவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். இவ்வளவு மரியாதையாகப் பொய் சொன்னவள் இவளாகத்தான் இருக்கும்.

வெளியே புல்வெளி ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் ஏப்ரனோடு போய் நின்றேன்.

"ஏன் கிளெனிஸ்? அந்தம்மா தர்றேன்னுதானே சொன்னாங்க. வேணும்னு ஒரே ஒரு வார்த்தை."

"எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க, பாரி."

"பாத்தா என்ன?"

"ஒரு கிழவிக்காகக் காவலுக்கு ஒரு ஆளு, கேமரா, எல்லாம் வைங்கன்னு நான் எப்படிக் கேப்பேன்? நான் ஏதாவது சொல்லி, அதனால அந்தப் பிள்ளைங்க வீடு கட்டறது தள்ளிப்போச்சுன்னா?"

"தள்ளிப்போகாது. அதுக்குத்தான் அவங்க இங்க வந்து கேக்கறாங்க."

"அவங்களுக்கு விமானத்துக்கும் நேரமாச்சு" என்றாள்.

குழுவின் செயலாளரைப் போய்ப் பிடித்தேன். இன்னும் ஒரு வாரம் அவகாசம் இருக்கிறது, கிளெனிஸே இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதும், சேர்த்துக்கொள்வோம் என்றார். கிளெனிஸிடம் சொன்னேன். எழுதுகிறேன் என்றாள். மறுநாள் கேட்டேன், நாளைக்கு என்றாள். அதற்கு மறுநாள் கண் எரிகிறது என்றாள். நான் எழுதுகிறேன், கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றேன். அப்போதுதான் உள்ளதைச் சொன்னாள்.

"அத்தன பேர் முன்னால சொன்ன பேச்ச இப்ப மாத்தறதா? என்னப் பத்தி என்ன நினைப்பாங்க."

"அவங்க உங்களப் பத்தி நினைக்கவே போறதில்ல" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. அது வேறு எனக்கு எரிச்சலாக இருந்தது.

சபையில் ஓட்டுக்கு வந்த நாள் கிளப்பில் டிவியை அந்தச் சேனலுக்கு மாற்றச் சொன்னேன். குதிரைப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கிளெனிஸ் சூப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் ஏதோ ஒரு தூர தேசத்தில் புதுத் தூதரகக் கட்டடம். உதவி அமைச்சர் எழுந்தார், இந்தப் பணியை மேற்கொள்வது உகந்தது என்று ஒரு வாசகம் படித்தார், உட்கார்ந்தார். ஆம் என்றார்கள், முடிந்தது. அடுத்து எங்கள் முகாம். அதே ஆள், அதே வாசகம், அதே ஆம். பாதிப் பெஞ்சு காலி. ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட் என்ற சொல்லே வரவில்லை. கிளெனிஸின் சூப்பில் ஆவி பறந்துகொண்டிருந்தது, அதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்."

"நல்லதாப் போச்சு. பிள்ளைங்களுக்கு இனிமே இருமல் வராது" என்று சொல்லி ரொட்டியைப் பிய்த்தாள்.

அந்தத் தூதரகத்துக்குப் பக்கத்திலும் ஒரு கிழவி இருந்திருக்கலாம். அவளைப் போய் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கிளெனிஸைக் கேட்டார்கள். அவள் ஊருக்கே வந்து, பெயர் கேட்டு, மைக்கைக் கையில் கொடுத்துக் கேட்டார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் வயிறெரிகிறது.

ஆனால் உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. கட்டட வேலை முழுக்கப் பழைய கேட் வழியாகத்தான் நடந்தது. லாரியும் கிரேனும் வந்துபோயின, தெரு முழுக்கத் தூசு. வேலையாட்கள் அவள் வீட்டில் தண்ணீர் பிடிக்க வந்தார்கள், அப்புறம் டீக்கு வந்தார்கள், ஒருவன் கிழிந்த சட்டையோடும் வந்தான். "பாத்தியா, நீ வீணா பயந்த" என்று என்னிடம் சொன்னாள். எனக்கே நாம்தான் பெரிதாக்கிவிட்டோமோ என்று தோன்றியது.

வேலை முடிந்ததும் திறப்பு விழாவுக்கு அவளுக்குத் தனி அழைப்பு வந்தது. ஊரைச் சுற்றிக்கொண்டு நான்தான் காரில் கூட்டிப்போனேன். புதுக் குடியிருப்பில் ஒரு அறையைத் திறந்து காட்டினார்கள். கிளெனிஸ் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "நல்ல கதகதப்பு" என்றாள். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

அதற்கடுத்த வாரம் பழைய கேட்டைக் கழற்றிவிட்டார்கள். காவல் கூண்டு போனது, தடுப்புக் கட்டை போனது. கேட் இருந்த இடத்தில் உயரமான கம்பி வேலி வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கிடங்குகளின் முதுகு. ஜன்னல்கூடக் கிடையாது. புது கேட்டிலிருந்து நகர மையத்துக்கு ஒரு பஸ் விட்டார்கள். பிள்ளைகள் அதில் ஏறிக் கடைக்கும் மதுக்கூடத்துக்கும் போனார்கள். தையலுக்கு முகாமுக்குள்ளேயே ஒரு கடை வந்துவிட்டது. கொஞ்ச நாளில் அவளைத் தெரிந்த கூட்டம் பயிற்சி முடிந்து போனது. அடுத்து வந்தவர்களுக்கு அப்படி ஒரு வீடு இருப்பதே தெரியாது.

கிளப்புக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறு மிஞ்சிய ஆட்டு ரோஸ்ட்டை எடுத்துக்கொண்டு திங்கள்தோறும் அவள் வீட்டுக்குப் போவேன். ஒவ்வொரு தடவையும் வீடு இன்னும் கொஞ்சம் சுத்தமாக இருந்தது. தையல் மெஷினுக்கு உறை போட்டாயிற்று. பிஸ்கட் டப்பாவில் என்னைத் தவிர வேறு யாரும் கை விட்டதற்கான அடையாளம் இல்லை. டிவி எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும், அவள் அதைப் பார்ப்பதில்லை. நான் காரை நிறுத்தும் முன்பே கதவைத் திறந்து நிற்பாள். திங்கட்கிழமை காலை முழுக்க ஜன்னலில்தான் நிற்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"தூக்கம் வருதா?" என்று கேட்டேன்.

"மோசமில்ல. ரொம்ப அமைதியா இருக்கு. அதான் முழிப்பு வந்துருது."

ஜூன் கடைசியில் ஒரு திங்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு தமாஷ் சொல்கிறேன் என்று ஆரம்பித்தாள். முந்தைய நாள் மாலை வேலி ஓரமாகப் போய்ச் சும்மா நின்றிருக்கிறாள். கிடங்குக்குப் பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டதாம். ரோந்து வண்டி ஒன்று வந்து நின்றது. இறங்கிய பெண் காவலர் மிகவும் தன்மையாக, "மேடம், வேலிக்கு இவ்வளவு பக்கத்துல நிக்கக் கூடாது. உங்க வீடு எங்கன்னு சொல்லுங்க, கூட்டிட்டுப் போறேன்" என்றாளாம்.

"நான் வழி தப்பி வந்த கிழவின்னு நினைச்சுட்டா போல. இதுதான் என் வீடுன்னு காட்டினேன். பாவம், அவளுக்கு ஒரே வெக்கமாப் போச்சு" என்று கிளெனிஸ் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பும் பாதியில் நின்றுபோனது. முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"அவ வேற யார்கிட்டயோ பேசற மாதிரி பேசினா, பாரி" என்றாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "வாரம் பூரா ஒரு குரல் கேக்கறதில்ல. லின்டல் போன் பண்ணினா என் குரலே எனக்குக் கரகரன்னு இருக்கு. அந்தக் கேட் எனக்கு வேணும்னு சொல்லியிருக்கணும்" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் ஒரு குறை சொல்லிக் கேட்டது அன்றுதான். விட்டால் மறுபடி மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள் என்று தெரியும். முகாமின் பராமரிப்புப் பிரிவு எண்ணைத் தேடி, அவள் போனில் நானே போட்டு மேஜைமேல் வைத்தேன். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

"பராமரிப்புப் பிரிவு, ஜாரட் பேசறேன்."

"மன்னிச்சுக்கப்பா, வேலை நேரத்துல தொந்தரவு பண்றேன்."

"தொந்தரவெல்லாம் இல்லம்மா. சொல்லுங்க."

கிளெனிஸ் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். "கேம்ப் ரோட்டுப் பக்கம், பழைய கேட் இருந்த இடத்துல, ஆள் நடக்கிற அளவுக்கு ஒரு சின்னக் கேட் வேணும்" என்றாள். 'முடிஞ்சா' வரவில்லை. நான் மேஜைக்கு அடியில் கையை இறுக்கிக்கொண்டேன்.

"ஒரு நிமிஷம், பாக்கறேன்." விசைப்பலகை தட்டும் சத்தம். "ஆமா, அதப் பத்தி நாடாளுமன்றக் குழுவுலயே பேசியிருக்காங்கம்மா. அறிக்கையில இருக்கு. கேட்டுக்கு நேர் எதிரே ஒரு அம்மா இருக்காங்களாம். யாருக்காவது தேவைப்படும்னா அவங்களுக்குத்தான்னு அவங்ககிட்டயே கேட்டிருக்காங்க. அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அதனால விட்டுட்டாங்க."

"ஓ" என்றாள் கிளெனிஸ்.

"ஆனா நீங்க கேக்கறீங்க இல்ல, அத நான் பதிஞ்சு மேல அனுப்பறேன். குழுவுக்குத் திரும்ப எழுதணும், கொஞ்ச மாசம் ஆகும். ஒருத்தர் கேட்டாலும் பாப்பாங்க. உங்க பேரு சொல்லுங்கம்மா."

நான் அவள் முழங்கையைப் பிடித்து உலுக்கினேன். நான்தான் அந்த அம்மா என்று சொல்லுங்கள் என்று வாயசைத்தேன். அவள் காது நுனிவரை சிவந்துபோயிருந்தது. களவு செய்து பிடிபட்டவளைப்போல மேஜைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மாவே வேண்டாம்னு சொல்லிட்டாங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப சரிப்பா. எதிர்வீட்டுல இருக்கிறவங்களுக்கே வேண்டாம்னா, வேற யாருக்கு."

"உங்க பேரு மட்டும்..."

"பேரெல்லாம் எதுக்குப்பா. நீ உன் வேலையப் பாரு" என்று சொல்லி போனை அணைத்துவிட்டாள்.

எனக்குத் திட்டத் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது. அவள் எழுந்து தட்டுகளைக் கழுவினாள். துடைத்தாள். அடுக்கினாள். நல்ல பையன், பொறுமையாகப் பதில் சொன்னான் என்றாள். நான் கார் சாவியை எடுத்தேன். வழக்கமாக அந்த இடத்தில் "மெதுவா ஓட்டு, கண்ணு" என்பாள். அன்று சொல்லவில்லை. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடியே நின்றாள்.

"பாரி, இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறியா?"

சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.